யார் கணக்கில் எழுதுவது?

அன்புள்ள ஐயா,

போன மாதம் மட்டக்களப்பில் ஒரு கலந்துரையாடலுக்குப் போயிருந்தேன். தலைப்பு உலகமயமாதலும் முதலாளித்துவ நெருக்கடியும். பேசிய மூவரும் இடதுசாரிகள், மூவருக்கும் தலை நரைத்துவிட்டது. முதலாமவர், டிரம்ப் வரி போட்டதோடு உலகமயமாதல் செத்துவிட்டது, இது முதலாளித்துவத்தின் கடைசி நெருக்கடி என்றார். இரண்டாமவர், உலகச் சந்தைக்கு வெளியே என்று ஒரு இடமே கிடையாது, உலக மூலதனத்தை உலக அளவில்தான் எதிர்க்க முடியும், நாட்டுக் கதவைப் பூட்டுவது பிற்போக்கு என்றார். மூன்றாமவர், 1970 தொடக்கம் 77 வரை இருந்த, இறக்குமதிக்குக் கதவு பூட்டிய பொருளாதாரமே சரி, கதவைத் திறந்த அன்றே வினை தொடங்கிற்று என்றார். தேநீர் வந்த பிறகும் சண்டை ஓயவில்லை.

எங்கள் அப்பா வெள்ளாவெளிப் பக்கம் மூன்று ஏக்கர் வயலைக் குத்தகைக்குச் செய்கிறார். அக்கா ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறா, விடிய ஐந்து மணிக்கு பஸ். வரிச் செய்தி வந்த மாதம் அவவுக்கு ஓ.ரி., அதாவது மேலதிக நேர வேலை, இல்லாமல் போயிற்று. அந்த மூவரில் யார் சொன்னது இவர்கள் இருவருக்கும் பொருந்தும் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். நெருக்கடி வருகிறது, வருகிறது என்று காத்திருப்பது, உலகம் அழியப்போகிறது என்று துண்டுப்பிரசுரம் கொடுப்பவர்களின் வேலை மாதிரித்தானே? இதுதான் என் கேள்வி. நண்பர்கள் சேர்ந்து களுவாஞ்சிகுடியில் ஒரு வாசிப்பு வட்டம் தொடங்கப்போகிறோம். முதலில் எதை வாசிக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

க., களுவாஞ்சிகுடி

*

அன்புள்ள தம்பி,

அந்தத் துண்டுப்பிரசுரக்காரர்களைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். அவர்கள் தேதி தவறினால் கணக்கைத் திருத்திக்கொண்டு மறுபடி படலையடிக்கு வருவார்கள். நம்முடைய தோழர்கள் சிலர் அந்தத் திருத்தத்தைக்கூடச் செய்வதில்லை.

எனக்கு இருபது வயதாக இருந்தபோது கல்லாற்றில் ஒரு தோழர், எண்பதுகள் முடியுமுன் முதலாளித்துவம் முடிந்துவிடும் என்று சொல்லுவார். எண்பதுகள் முடிந்தபோது முடிந்தது சோவியத் முகாம். 2008 செப்டெம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க வங்கி விழுந்தபோது அவர் கட்டிலில் கிடந்தார். ரேடியோவில் செய்தி கேட்டு எழும்பி உட்கார்ந்தாராம். மகள் சொன்னா. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அந்த வங்கி விழுந்தது, அந்தப் பக்கத்து வங்கிகள் அரசின் காசில் எழும்பின, வீடு இழந்தவர்கள் இழந்தவர்களாகவே இருந்தார்கள்.

இலங்கைக்கு இது புதிதும் இல்லை. 1869இல் கோப்பி இலையில் மஞ்சள் நோய் வந்தது. பத்துப் பதினைந்து வருடத்தில் தோட்டங்கள் அழிந்தன, 1884 மே மாதம் ஓரியன்டல் பாங்க் கோப்பரேசன் கதவை மூடிற்று. அந்த வங்கியின் நோட்டுத்தான் அப்போது இலங்கையில் கைமாறிய காசு. ஆளுநர் ஆதர் கோர்டன் அரசாங்கத்தின் பொறுப்பில் அந்த நோட்டுகளுக்கு உத்தரவாதம் கொடுத்துத்தான் பீதியை அடக்கினார். கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. சின்னத் தோட்டக்காரர் போன இடத்தில் லண்டன் கம்பனிகள் வந்தன. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மட்டும் அப்படியே இருந்தன. தனியார் வங்கியின் நட்டம் பொதுக்கணக்குக்கு வருவதும், இளைத்த முதலாளியைக் கொழுத்த முதலாளி விழுங்குவதும், வேலை செய்கிறவன் நின்ற இடத்திலேயே நிற்பதும் நூற்று நாற்பது வருடத்துக்கு முன்னே நம் தீவில் நடந்தாயிற்று. முதலாளித்துவம் நெருக்கடியில் சாவதைவிட, நெருக்கடியில் தன்னைச் செப்பனிட்டுக்கொள்வதே வழக்கம். மார்க்ஸ் மூலதனத்தின் மூன்றாம் தொகுதியில் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: இலாபவீதம் விழுகிறது, முதலின் ஒரு பகுதி அழிகிறது அல்லது மலிகிறது, மிஞ்சியவர்களுக்கு மறுபடி இலாபம் சுரக்கிறது. அதை மரண அறிவித்தலாக வாசித்தது நாம்தான்.

அப்படியானால் நெருக்கடி ஏன் வருகிறது என்ற விவாதமே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். அப்பாவிடம் கேளுங்கள், சொல்லுவார். வெள்ளம் வந்து கதிர் படுத்துப்போன வருடம், குத்தகை நெல்லைக் கேட்டு வயலின் சொந்தக்காரரான போடியார் வருகிறார். வெள்ளம் கடவுள் செயல் என்றால் நட்டத்தை இருவரும் பாதி பாதி சுமக்கலாம். வரம்பை நேரத்துக்குக் கட்டாமல் விட்டாய், உன் பிழை என்றால் குத்தகைக்காரன் முழுதாகக் கொடுக்க வேண்டும். குளத்தின் வான்கதவை முன்னறிவிப்பு இல்லாமல் திறந்தார்கள் என்றால் வேறு யாரோ பதில் சொல்ல வேண்டும். வெள்ளம் ஒன்று, விளக்கம் மூன்று, ஒவ்வொரு விளக்கத்துக்குள்ளும் ஒவ்வொருவர் தலையில் எழுதிய பற்றுக்கணக்கு இருக்கிறது. ஆகவே போடியார் நெல்லுக் கதையை எடுக்குமுன் வெள்ளக் கதையைத்தான் எடுப்பார். நூறு வருடமாக இடதுசாரிகள் போடுகிற சண்டையின் அடியில் கிடப்பதும் இதுதான். பலருக்கு அது நினைவில் இல்லை, அதனால்தான் தேநீர் வேளையிலும் ஓயாத சண்டையாகிவிடுகிறது.

இலாபவீதம் விழுவதே காரணம் என்பவர் ஒரு பக்கம். தொழிலாளியின் கையில் காசில்லாததால் சரக்கு தேங்குகிறது என்பவர் இன்னொரு பக்கம். உற்பத்தியை விட்டுக் கடனில் சூதாடப்போனதே காரணம் என்பவர் மூன்றாம் பக்கம். இவர்களுக்குள் நான் அதிகம் திரும்பிப்போகும் ஆள் ஜெர்மன் இடதுசாரி இயக்கத்தின் றோசா லக்சம்பேர்க். 1913இல் வந்த புத்தகத்தில் அவர் சொன்னது: முதலாளித்துவம் தன் சரக்கைத் தனக்குள்ளேயே முழுதாக விற்றுத் தீர்க்க முடியாது, அதற்கு எப்போதும் வெளியே ஒரு இடம் வேண்டும், கிராமம், குடியேற்ற நாடு, கைத்தொழில் என்று, அந்த வெளியைத் தின்றபடியே அது வளரும். அவருடைய கணக்கில் பிழை இருக்கிறது என்று ரஷ்யத் தோழர் புகாரின் காட்டினார். காட்டியது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அதே புத்தகத்தில் சர்வதேசக் கடன்களைப் பற்றி ஒரு அத்தியாயம் வருகிறது. எகிப்து ஐரோப்பாவில் கடன் வாங்கிக் கால்வாயும் பருத்தியும் செய்ததையும், வட்டியை நைல் நதிக் குடியானவன் வரியாகக் கட்டியதையும் அதில் எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு எகிப்து தெரியவில்லை, நம் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை தெரிந்தது.

2009க்குப் பிறகு நம் பிரதான வீதிகளில் எத்தனை நிதிக் கம்பனிப் பலகைகள் முளைத்தன என்று உங்கள் வயதுக்காரருக்கு நினைவிருக்கும். அதற்கு முன் போர் நடந்த காலமெல்லாம் இந்தக் கம்பனிக்காரர் இந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்த்ததில்லை. றோசா சொன்ன அந்த வெளி எங்கள் வளவுக்குள் இருந்தது. என் சின்னம்மாவின் மகள் வீட்டில் கிழமைக் கடன் கூட்டம் நடப்பதை ஒருநாள் பார்த்தேன். மாமரத்தின் கீழ் பிளாஸ்டிக் கதிரையில் கம்பனிப் பொடியன், மடியில் ரெஜிஸ்டர். பாயில் பத்துப் பெண்கள். ஒருத்தி அன்று கொண்டுவரவில்லை. பொடியன் கோபப்படவே இல்லை. "எல்லாரும் இருப்பம்" என்று மட்டும் சொன்னான். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு. ஒரு மணித்தியாலம் போயிற்று. அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தவர்கள், பள்ளிக்கூடம் விட்டு பிள்ளை வரும் என்று நிற்கிறவர்கள், எல்லாரும் அந்த ஒருத்தியின் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். கடைசியில் காதில் கிடந்ததைக் கழற்றி அடகுக் கடைக்கு அனுப்பினாள். 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபா வரையான இப்படியான கடன்களை அரசாங்கமே ஏற்றுக்கொண்டு கம்பனிகளுக்குக் காசைக் கட்டிற்று. இங்கேயும் அந்த 1884ஆம் ஆண்டுக் கதைதான்: கம்பனியின் வராக்கடன் பொதுக்கணக்குக்கு வந்தது. அந்தத் தோடு திரும்பி வந்ததாகத் தெரியவில்லை.

இனி 2022. ஏப்ரல் 12ஆம் தேதி, வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று இலங்கை அறிவித்தது, சுதந்திரத்துக்குப் பின் முதல் தடவை. செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. பெற்றோல் வரிசையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உடனே வெள்ளக் கதை தொடங்கிற்று. நாங்கள் எல்லாரும் வருமானத்துக்கு மிஞ்சி வாழ்ந்துவிட்டோம் என்றது கொழும்புத் தொலைக்காட்சி. எல்லாரும் என்றால் உங்கள் அப்பாவுமா? 2019 கடைசியில் வற் (பெறுமதி சேர்) வரியை 15இலிருந்து 8 சதவீதமாக வெட்டியது யார், யாருக்காக? 2007இல் 500 மில்லியன் டொலரோடு தொடங்கி மறுபடி மறுபடி அதிக வட்டிக்குச் சர்வதேச முறிகளை, அதாவது கடன் பத்திரங்களை, விற்றது யார்? ஒரே இரவில் இரசாயனப் பசளையை நிறுத்தி 2021 பெரும்போகத்தை விழுத்தியது யார்? இந்தக் கேள்விகளுக்கு விடை சொன்னால் பற்று ஓரிடத்தில் விழும். மிஞ்சி வாழ்ந்தோம் என்ற விடைக்கு இன்னோரிடத்தில் விழும். இரண்டாவதுதான் விழுந்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் 3 பில்லியன் டொலர் வரை தர இணங்கிற்று, 2024 தை மாதம் முதல் வற் வரி 18 சதவீதம். பால்மா வாங்கும் மனுசியும் கட்டுகிறா, பணக்காரர் வாழும் கொழும்பு ஏழிலே இருப்பவரும் கட்டுகிறார், ஒரே வீதம்.

ஆனால் இதைவிட ஒரு சங்கதி இருக்கிறது. அதைப் பற்றி அந்த மேடையில் யாராவது பேசினார்களா என்று தெரியவில்லை. அக்காவின் சம்பளத்தில் மாதாமாதம் 8 சதவீதம் வெட்டி, தொழிற்சாலை 12 சதவீதம் போட்டு, ஊழியர் சேமலாப நிதியில் சேர்கிறது. ஈ.பி.எப். என்றால்தான் அவவுக்கு விளங்கும். 1958இல் வந்த நிதி அது. அரசாங்க உத்தியோகத்தருக்குப் பென்சன் உண்டு. ஆகவே ஈ.பி.எப். என்பது ஆடைத் தொழிற்சாலை, தோட்டம், கடை என்று வேலை செய்கிறவர்களின் காசு. அதில் மிகப் பெரும்பகுதி திறைசேரி முறிகளில், அதாவது அரசாங்கத்துக்குக் கொடுத்த கடனாக இருக்கிறது. 2023 நடுப்பகுதியில் உள்நாட்டுக் கடனை மறுசீரமைக்க வேண்டும் என்றார்கள். வங்கிகளின் கையில் இருந்த முறிகளைத் தொடவில்லை, வங்கிகள் விழுந்துவிடும் என்று காரணம் சொன்னார்கள். சேமலாப நிதியிடம் சொன்னது வேறு: பழைய முறியைத் தந்து குறைந்த வட்டியில், முதலில் 12, பிறகு 9 சதவீதத்தில், நீண்டகால முறியை வாங்கிக்கொள். மாட்டேன் என்றால் வருமானத்தில் 14 சதவீத வரிக்குப் பதில் 30 சதவீதம். அந்த நாட்களில் புதிதாகத் திறைசேரி உண்டியல், அதாவது அரசாங்கத்தின் குறுங்காலக் கடன் பத்திரம், வாங்கினவனுக்கு 20 சதவீதத்தை ஒட்டி வட்டி கிடைத்துக்கொண்டிருந்தது. அதற்கு முந்திய வருடம், விலைவாசி 70 சதவீதம் ஏறியபோது, அக்காவின் கணக்குக்கு விழுந்த வட்டி 9 சதவீதம்.

வெளிநாட்டு முறிக்காரரோடு பேரம் 2024 டிசம்பர் வரை நீண்டது. அவர்கள் கடனின் முதற்தொகையில் 27 சதவீதத்தை விட்டுக்கொடுத்தார்கள். பதிலுக்கு, நாட்டின் உற்பத்தி எதிர்பார்த்ததைவிடக் கூடினால் அவர்களுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள். தொழிற்சாலையில் ஊசிக்கு முன் குனிந்து அந்த உற்பத்தியைக் கூட்டுகிறவளின் நிதிக்கு அப்படி ஒரு வாசகம் யாரும் எழுதவில்லை. எழுதச் சொல்லிக் கேட்க அவளுக்கு அந்த மேசையில் கதிரையும் இருக்கவில்லை. முறிக்காரருக்கு வக்கீல்கள் இருந்தார்கள்.

1953இல் இதே கேள்வி தெருவுக்கு வந்தது. கூப்பன் அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறிற்று, ஓகஸ்ட் 12ஆம் தேதி ஹர்த்தால், பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவியை விட்டார். முன்னுக்கு நின்றது இடதுசாரிகள். இன்று தங்களை இடதுசாரி என்று சொல்லி வந்த அரசாங்கம் நாணய நிதியத்தின் திட்டத்தை வரிக்கு வரி கொண்டுபோகிறது. அவர்களைத் துரோகி என்று திட்ட எனக்கு வாய் வரவில்லை. கஜானா காலியாக இருந்த வீட்டைத்தான் பொறுப்பெடுத்தார்கள். ஆனால் அந்தச் சேமலாப நிதிக் கணக்கை மறுபடி திறந்து பார்க்க ஒரு விசாரணையாவது வைத்திருக்கலாம். அதற்கு டொலர் தேவையில்லை.

மூன்றாம் தோழரின் பூட்டிய கதவுக்கு வருகிறேன். அந்தக் காலத்தை நான் பொடியனாகப் பார்த்தவன். விடிய நாலு மணிக்குச் சங்கக்கடையில் பாணுக்கு வரிசையில் நின்றிருக்கிறேன். ஒரு மாவட்டத்து அரிசியை இன்னொரு மாவட்டத்துக்குக் கொண்டுபோனால் பொலிஸ் மறிக்கும். அதே வருடங்களில் அப்பாவோடு சைக்கிளில் மருதமுனைக்குப் போனால் ஒழுங்கைக்குள் நுழையும்போதே தறிச் சத்தம் கேட்கும். வெளிநாட்டுத் துணி இல்லை, ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் சாரனும் சேலையும் ஓடிக்கொண்டிருந்தன. நூல் மட்டும் கோட்டாவில் வரும். யாருக்கு எவ்வளவு நூல் என்பது எந்த அதிகாரியை யாருக்குத் தெரியும் என்பதைப் பொறுத்தது. அந்த நூலின் பஞ்சும் கப்பலில் வந்ததுதான். 1977க்குப் பிறகு இறக்குமதித் துணி வந்து குவிந்தது, தறிகள் ஒன்றொன்றாக நின்றன. எல்லாம் நிற்கவில்லை, இன்றைக்கும் மருதமுனையில் கைத்தறி ஓடுகிறது. ஆனால் அந்த ஒழுங்கைச் சத்தம் போயிற்று. தறிக்காரரின் பேத்திகள் இப்போது அக்காவோடு அந்த ஐந்து மணி பஸ்ஸில் ஏறுகிறார்களோ என்னவோ.

ஆகவே பூட்டிய கதவால் நன்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயக்காரரிடம் கேட்டாலும் அந்தக் காலம் பொற்காலம் என்பார்கள். என் கேள்வி, சாவி யாரிடம் என்பது. உலகச் சந்தையிலிருந்து விலகி நாட்டுக்குள்ளே கட்டுவோம் என்று எகிப்தியப் பொருளியலாளர் சமீர் அமீன் எழுதியது பெரிய சிந்தனை, மறுக்கவில்லை. விலகிக் கட்டுவது அரசு. அரசு கட்டியதில் இந்தப் பக்கத்துக்கு வந்த முதல் பெரிய காரியம் கல்லோயா. 1949இல் தொடங்கினார்கள், உணவில் தன்னிறைவு என்ற பெயரில். அணையைக் கட்டியது மொரிசன் நுட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி. இங்கினியாகலைக்குக் கீழே தண்ணீர் வந்தது, கரும்பும் நெல்லும் வந்தன, கூடவே சிங்களக் குடியேற்றமும் வந்தது. 1956 ஜூனில் அந்தப் பள்ளத்தாக்கில் நடந்த தமிழர் படுகொலையை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தேசிய பொருளாதாரம் என்று ஒருவர் மேடையில் சொல்லும்போது எந்தத் தேசியம் என்று கேட்கும் பழக்கம் நமக்கு அப்படி வந்தது. அதைக் குறுகிய மனம் என்று கொழும்புத் தோழர்கள் சொல்லுவார்கள். 1966 ஜனவரியில், தமிழில் நிர்வாகம் நடத்த இடம் கொடுத்த தமிழ்மொழி ஒழுங்குவிதிக்கு எதிராக அவர்களுடைய கட்சிகளும் ஊர்வலம் போனதை அவர்கள் மறந்திருக்கலாம்.

நம் நாட்டுப் பொருளியலாளர் எஸ்.பி.டி. டி சில்வா 1982இல் ஒரு கனமான புத்தகம் எழுதினார். இலங்கை ஏன் தொழில்நாடாகவில்லை என்பதற்கு அவர் காட்டிய காரணங்களில் முக்கியமானது வணிக மூலதனம்: வாங்கி விற்பதில் வரும் இலாபம் வாங்கி விற்பதிலேயே சுற்றுகிறது, உற்பத்திக்குள் இறங்குவதில்லை. அவரைப் படித்த பிறகு கதவைப் பற்றிய சண்டை எனக்குப் பாதி சலித்துவிட்டது. பூட்டியிருந்தபோது கதவடியில் லைசன்ஸ் வைத்திருந்த வியாபாரி உட்கார்ந்திருந்தான். திறந்தபோது இறக்குமதிக்காரனாக அதே கதிரையில் உட்கார்ந்தான். இன்றைக்கும் வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கும் நாளில், ஈர நெல்லை வரம்பிலேயே வாங்க லொறியோடு நிற்பவன் யார்? பசளைக் கடனைக் கொடுத்தவனே. அதனால் விலையையும் அவனே சொல்லுவான். அப்பாவிடம் காயவைத்து வைக்க இடமும் இல்லை, காத்திருக்க நாளும் இல்லை.

இரண்டாம் தோழர், வெளியே இடமில்லை என்றவர், மூவரிலும் அதிகம் சரியானவர் என்றுதான் நினைக்கிறேன். அவரிடம் ஒரேயொரு குறை: உலக அளவில் எதிர்ப்போம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். 2025 ஏப்ரலில் டிரம்ப் 44 சதவீதம் என்று அறிவித்து, பிறகு 20க்கு இறக்கினார். நம் ஆடை ஏற்றுமதியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு அமெரிக்காவுக்குப் போகிறது. அறிவித்த கிழமையே அங்குள்ள கொள்வனவாளர் விலையைக் குறைக்கச் சொல்லுவார், தொழிற்சாலை டார்கெட்டைக் கூட்டும், ஓ.ரி.யை வெட்டும். உலகமயமாதல் செத்ததா இருக்கிறதா என்று முதலாம் தோழர் முடிவெடுக்குமுன், அக்காவின் சம்பளத் துண்டில் அது எழுதப்பட்டுவிட்டது. இதே வரியில் டாக்காவிலும் இன்னொருத்திக்கு ஓ.ரி. போயிருக்கும். இருவரும் ஒரே கம்பனியின் லேபிளைத் தைத்திருக்கவும் கூடும். உலக அளவு என்று தோழர் சொன்னது அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

வாசிப்பு வட்டத்துக்கு என்ன வாசிப்பது என்று கேட்டீர்கள். மூலதனத்தை எடுக்காதீர்கள், மூன்றாம் கிழமைக்குப் பிறகு நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள். அக்காவின் ஈ.பி.எப். கூற்றையும், இந்த வருடத்துச் சம்பளத் துண்டுகளையும், அப்பாவின் பசளைக் கடன் கொப்பியையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அவர்கள் சம்மதித்தால்தான். வரிக்கு வரி வாசியுங்கள், விளங்காத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒருவர் பொறுப்பெடுத்து அடுத்த கிழமை விளக்கட்டும். றோசா தானாக வருவார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வையுங்கள், அக்காவுக்கும் தோதாக இருக்கும். பொங்கலுக்கு முன்னரே தொடங்கிவிடுங்கள். வெட்டுத் தொடங்கினால் படுவான்கரையிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள். நான் வருகிறேன், கல்லாற்றிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தானே.